காலை உணவும் நாமும்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, மனையியல் பிரிவு



காலையில் ஒருத்தி எத்தனை கலோரி உண்ண வேண்டும்? இக்கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் மனையியல் ஆசிரியை இவ்வினாவைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இன்று காலை நீங்கள் உண்டதை அவரவர் நோட்டில் எழுதிக் கணக்குப் போடுங்கள்" என்றார். வகுப்பில் ஒரே அமைதி. கணக்குத் தெரியாததால் வந்த அமைதியன்று அது. எழுத ஒன்றுமில்லாததால் வந்த அமைதி! நான் ஒரு டம்ளர் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் என்று எழுதினேன். எப்படிக் கூட்டினாலும் 130 கலோரிக்கு மேல் தேறவில்லை. என் பக்கத்தில் இருந்தவள் ஒரு பூஜ்யத்தை வட்டமாக, வெகு அழகாக வரைந்து வைத்திருந்தாள். அவள் ஓவியத்தில் கெட்டிக்காரி.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் மயங்கி விழுந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நிழலில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, "காலையில் சாப்பிட்டாயா?" என்று கேட்டார்கள். "சாப்பிட்டேன்" என்றேன். அது பொய். அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று பல நாள் எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாம் பேச்சுவழக்கில் கலோரி என்று சொல்வது, ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதம் ஒரு கிராமுக்கு 4, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 என்பது பாடநூலில் படித்ததே. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அட்டவணைப்படி, 7 முதல் 9 வயதுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1,700 கலோரி தேவை. 10 முதல் 12 வயதுச் சிறுமிக்கு 2,060; 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு 2,400; 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு 2,500. நாள் முழுவதற்கும் வேண்டியதில் கால் பங்காவது காலையில் கிடைக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. அப்படியானால் என் வயதுக்கு 600க்குச் சற்று மேல். என் 130ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி நம் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். நம் வளாகத்தின் தொடக்கப் பள்ளியில் என் தம்பி மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். காலையில் அவனை நான்தான் கையைப் பிடித்து அழைத்து வருகிறேன். வாசலை நெருங்கும்போதே அவன் மூக்கு வேலை செய்யத் தொடங்கிவிடும். "அக்கா, இன்னைக்குப் பொங்கல்!" என்று கையை உதறிவிட்டு ஓடுவான். மிளகும் சீரகமும் தாளித்த அந்த வாசனை சுவருக்கு மேலாக நம் பக்கமும் வரும். சுவருக்குத் தெரியுமா ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும்? அவன் தட்டில் சாம்பார் ஊற்றுகிற நேரத்தில் நான் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றுகொண்டிருப்பேன்.

அந்தத் தட்டில் விழுவது முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் உணவு. 2022 மே 7 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இதனை அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 15, அறிஞர் அண்ணா பிறந்த நாளில், மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கி வைத்தார். முதலில் 1,545 அரசுப் பள்ளிகள், ஒரு லட்சத்துப் பதினான்காயிரம் குழந்தைகள். 2023 ஆகஸ்ட் 25 முதல், திருக்குவளையில் தொடங்கி, மாநிலத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. 2024 ஜூலை 15, பெருந்தலைவர் காமராசர் பிறந்த நாளில், ஊரகப் பகுதிகளில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அந்தத் தொடக்க விழா நம் பக்கத்து மாவட்டமாகிய திருவள்ளூரில், கீழச்சேரி புனித அன்னாள் பள்ளியில் நடந்தது. 2025 ஆகஸ்ட் 26 அன்று சென்னை மயிலாப்பூரில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் நீண்டது. ஒவ்வொரு முறையும் புதுப் புதுப் பள்ளிகள் சேர்ந்தன. வகுப்பு மட்டும் ஐந்தோடு நின்றது. அகலத்தில் வளர்ந்த திட்டம் உயரத்தில் வளரவில்லை.

ஒரு குழந்தைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டு அரசாணையிலேயே இருக்கிறது. அரிசி அல்லது ரவை அல்லது கோதுமை ரவை அல்லது சேமியா, இல்லையேல் அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியம் 50 கிராம். சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். உள்ளூரில் கிடைக்கும் காய்கறி. சமைத்த பின் 150 முதல் 200 கிராம் உணவும் 100 மில்லி சாம்பாரும். திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல், வியாழன் மறுபடி உப்புமா, வெள்ளி கிச்சடி. (உப்புமாவைக் கண்டு முகம் சுளிப்போர் நம்மில் பலர் உண்டு. பசித்தவளுக்கு அதன் அருமை தெரியும்!) இதில் சராசரியாக நாளொன்றுக்கு 293 கலோரியும் 9.85 கிராம் புரதமும் கிடைக்கும் என்று அரசு கணக்கிட்டது.

இந்த 293ஐ நானும் கூட்டிப் பார்த்தேன். 50 கிராம் ரவைக்கு ஏறக்குறைய 175, பருப்புக்கு 50, மீதி எண்ணெயிலும் காயிலும். கணக்குச் சரிதான். ஆனால் 1,700இல் கால் பங்கு 425 அல்லவா? 293 அதில் குறைகிறதே என்று நான் கேட்டபோது எங்கள் ஆசிரியை சிரித்தார். "மதிய உணவையும் சேர்த்துப் பார்" என்றார். மதிய உணவில் சராசரி 553 கலோரி. இரண்டும் சேர்ந்து 846. அதாவது என் தம்பியின் ஒரு நாள் தேவையில் பாதி பள்ளியிலேயே கிடைத்துவிடுகிறது. வீட்டில் எது குறைந்தாலும் இந்தப் பாதி குறையாது. எனக்கு அன்று ஒன்று புரிந்தது. கால் பங்கு என்னும் விதி கையில் உணவு உள்ளவருக்குச் சொன்னது. 425 கலோரி வேண்டிய குழந்தைக்கு 293 கிடைப்பது குறைவு என்று எழுதுவது எளிது. ஆனால் நேற்று வரை அவனுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டுவிட்டல்லவா எழுத வேண்டும்?

சரி, இத்திட்டம் எப்படிப் பிறந்தது? சென்னை அசோக் நகரில் உள்ள மகளிர் பள்ளி ஒன்றில் நடந்த நிகழ்ச்சிக்குச் சென்றபோது, மாணவியரிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதாகவும், சாப்பிடுவதில்லை என்னும் பதிலே வந்ததாகவும் மு. க. ஸ்டாலினே மேடைகளில் சொல்லியிருக்கிறார். தோழியரே, இதை இரண்டு முறை படியுங்கள். கேள்வி கேட்கப்பட்டது பெண்கள் பள்ளியில். 'இல்லை' என்று விடை சொன்னது நம்மைப் போன்ற மாணவியர். உணவு கிடைத்ததோ ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் சிறுவர் சிறுமியருக்கு! அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. என் தம்பியும் அவர்களில் ஒருவன்தானே. ஆனால் கேட்ட கேள்விக்கு இன்னும் பாதி விடைதான் வந்திருக்கிறது என்பது என் கருத்து.

சிறு குழந்தைகளுக்கு முதலில், பெரியவர்களுக்குப் பிறகு என்று சொல்வார்கள். நியாயமே. அந்தப் 'பிறகு' எப்போது என்பதே என் கேள்வி. நம் மாநிலத்துக்கு இதில் நல்ல முன்மாதிரி உண்டு. 1920இலேயே சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்தது. காமராசர் 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அதுவும் சின்னஞ்சிறு குழந்தைகளுக்குத்தான் இருந்தது. இரண்டே ஆண்டில், 1984இல், பத்தாம் வகுப்பு வரை நீண்டது. மதியப் பசிக்கு இரண்டு ஆண்டு போதுமானதாயிருந்தது. காலைப் பசி 2022 முதல் காத்திருக்கிறது.

'பெரிய பெண்களுக்கு வயிறு தாங்கும்' என்று நினைப்போர் இன்னும் ஓர் எண்ணைப் பார்க்க வேண்டும். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பாதிக்கும் மேல்! வழிபாட்டுக் கூட்டத்தில் உங்களுக்கு வலப்புறம் நிற்பவளையும் இடப்புறம் நிற்பவளையும் பாருங்கள். கலோரியால் மட்டும் இரத்தம் ஊறாது என்பது உண்மைதான். இரும்புச்சத்து வேண்டும், புரதம் வேண்டும். 16 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 32 மில்லிகிராம் இரும்பு என்று அதே அட்டவணை சொல்கிறது. ஒரு வேளை உணவை அடியோடு விட்டுவிட்டு அதை எங்கே போய்த் தேடுவது? போதாக்குறைக்குக் காலையில் நாம் குடிக்கும் தேநீர், உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்கவொட்டாமல் தடுக்கிறது.

காலை உணவு படிப்புக்கு உண்மையிலேயே உதவுமா, அல்லது அது வெறும் நம்பிக்கையா என்று ஐயுறுவோரும் உண்டு. அவர்களுக்காக ஜமைக்கா நாட்டுச் செய்தி ஒன்று. அங்கே சிற்றூர்ப் பள்ளிகளில் 800க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஓராண்டு முழுவதும் பள்ளி நாட்களில் காலை உணவு கொடுத்தார்கள். மறு பாதிக்குக் கால் ஆரஞ்சுப் பழம் மட்டும். 1998இல் முடிவு வெளியானது. உணவு பெற்ற பிள்ளைகளின் உயரமும் எடையும் சற்றுக் கூடின. பள்ளிக்கு வரும் நாட்களும் கூடின. சிறிய வகுப்பினர் கணக்கில் முன்னேறினர். எல்லாமே சிறு முன்னேற்றங்கள்தாம். மாயம் எதுவும் நடந்துவிடவில்லை. எனக்கு அந்த ஆய்வு பிடித்திருப்பதற்குக் காரணமே அதுதான். மிகையாகச் சொல்லாதவர்களை நம்பலாம். ஆனால் அந்தக் கால் ஆரஞ்சு மட்டும் பெற்ற பிள்ளைகளை நினைத்தால் மனம் என்னவோ செய்கிறது. நாமெல்லாம் அந்த மறு பாதிதானே!

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் தயங்கினேன். மயங்கி விழுந்த நாளில் நான் பொய் சொன்னதற்குக் காரணம் என் அம்மா. 'சாப்பிடவில்லை' என்றால் அடுத்த கேள்வி, 'ஏன், உன் அம்மா ஒன்றும் செய்து தரவில்லையா?' என்றுதானே வரும்? என் அம்மா ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். முதல் ஷிப்ட் வாரங்களில் விடியுமுன் கம்பெனி வேன் வந்துவிடும். சோறு வடித்து, ஒரு குழம்பு வைத்துவிட்டு அவர் ஓடுகிறார்; அவரும் ஒரு வாய் உண்பதில்லை. பிறகு தண்ணீர் பிடிப்பதும், தம்பியைக் குளிப்பாட்டுவதும், டிபன் பாக்ஸ் கட்டுவதும் என் வேலை. நம் சாலைகளில் விடியற்காலையில் வரிசையாகப் போகும் வேன்களில் உங்கள் தாய்மாரும் அக்காமாரும் போகிறார்கள் அல்லவா? பெண்கள் வேலைக்குப் போவது நல்லது. அந்தக் காலை வேளையை வீட்டில் யார் ஏற்றுக்கொள்வது என்பதை மட்டும் எந்த வீட்டிலும் பேசி முடிவு செய்ததாகத் தெரியவில்லை. முடிவு செய்யாத வேலையெல்லாம் மூத்த பெண்ணின் தலையில் விழும். இது எழுதாத சட்டம்.

என் அப்பாவும் வீட்டில் இருக்கிறார். அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுத்தான் நான் புறப்படுகிறேன். இதை அவர் இந்த மலரில் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

வேறொரு கூட்டமும் நம்மிடையே உண்டு. வீட்டில் இட்லி ஆவி பறக்க இருக்கும். 'குண்டாகிவிடுவேன்' என்று தொடாமல் வருவார்கள். செல்போனில் யாரோ ஒருத்தி சொன்னாளாம். இவர்களிடம் நான் அதிகம் வாதாடுவதில்லை. பதினொரு மணி இடைவேளையில் இவர்கள் வாங்கும் இரண்டு சமோசாவின் கலோரியைக் கணக்கிட்டுக் காட்டுவதோடு சரி.

தவக்காலத்தில் இன்னொன்று நடக்கும். 'நான் ஒருசந்தி' என்று சிலர் வெள்ளிக்கிழமை தோறும் காலையில் பட்டினியாக வருவார்கள். என் தோழி ஒருத்தியின் பாட்டி சிறுமியாயிருந்த காலத்தில், நற்கருணை வாங்குவதற்கு நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாமல் இருப்பார்களாம். திருச்சபையே அதை 1957இல் மூன்று மணி நேரமாகவும், 1964இல் ஒரு மணி நேரமாகவும் குறைத்துவிட்டது. ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்கே; 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம் மட்டுமே கடமை. ஆகவே எட்டாம் வகுப்புத் தங்கை வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. இதை நான் என் சொந்த அதிகாரத்தில் சொல்லவில்லை. மறைக்கல்வி ஆசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்பே எழுதுகிறேன்.

அரசு வரும்வரை நாம் என்ன செய்யலாம்? நாம் சோற்றுக்குப் பெயர் போன சீமையில் பிறந்தவர்கள். தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என்றிருந்ததே தென்னேரி ஆயிற்று என்பர். அவ்வரசன் மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வழிநெடுக எந்த வீட்டில் என்ன உணவு கிடைக்கும் என்று பாணனுக்குச் சொல்லிக்கொண்டே போகிறார் புலவர். அந்த ஏரித் தண்ணீரில் இன்றும் நெல் விளைகிறது. எனவே நான் கேக்கையும் ஓட்ஸையும் பரிந்துரைக்கப் போவதில்லை.

மயங்கி விழுந்த பிறகு, ஆசிரியை உதவியுடன் எனக்கென்று ஒரு கணக்குப் போட்டேன். அடுப்பு மூட்டக் கூடாது, ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும், புதிதாகச் செலவு அதிகம் இருக்கக் கூடாது என்பன நிபந்தனைகள். இரவே தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, 75 கிராம் அரிசியில் வடித்த அளவு: 260 கலோரி. அதில் ஒரு கரண்டி தயிர்: 60. வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம்: 170. ஒரு வாழைப்பழம்: 90. மொத்தம் 580. அறுநூறை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் வந்துவிட்டேன்! வேர்க்கடலையில் 7 கிராமுக்கு மேல் புரதமும் உண்டு. கேழ்வரகுக் கூழ் காய்ச்சும் வீடாயிருந்தால் இன்னும் நல்லது. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து ஏறத்தாழ 350 மில்லிகிராம், அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. கூழ் நீர்த்திருந்தால் மட்டும் கலோரி ஏமாற்றிவிடும். சொம்பு நிறையக் குடித்தும் பத்து மணிக்கே பசிக்கும். தேநீரை நான் விடவில்லை. மாலைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

பழையது என்றால் சிலருக்கு இளக்காரம். 'பழைய சோறா?' என்று மூக்கைப் பிடிப்பார்கள். பிடிக்கட்டும்.

ஆனால் எல்லாருக்கும் வீட்டில் அந்த ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்தும் வாலாஜாபாத் பக்கத்திலிருந்தும் வரும் தோழியர் ஏழு மணிப் பேருந்தை விட்டால் அடுத்ததற்குள் முதல் பாடவேளை முடிந்துவிடும். அவர்கள் டப்பாவில் கொண்டுவந்து இங்கே உண்ணலாமே என்றால், பள்ளிக்குள் நுழைந்தவுடன் பையை வைத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். மணியடிப்பதற்கு முன் டப்பாவைத் திறப்பது ஒழுங்கீனம் என்று நம்மில் ஒரு வழக்கம் இருக்கிறது. மதிய டப்பாவைக் காலையிலேயே திருட்டுத்தனமாகத் திறந்து இரண்டு வாய் போட்டுக்கொண்டு, மதியம் பாதி வயிற்றோடு இருப்பவர்களை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருத்தியாயிருந்தேன்.

ஆகவே மதிப்பிற்குரிய தலைமையாசிரியை சகோதரி அவர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் இந்த மலர் வாயிலாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வழிபாட்டு மணிக்கு முன் பதினைந்து நிமிடம், வேப்ப மரத்தடியில், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து உண்ணலாம் என்று அறிவியுங்கள். கொண்டுவந்தவள் உண்ணட்டும், கொண்டுவராதவள் பக்கத்தில் உட்காரட்டும், பகிர்ந்துகொள்வார்கள். யார் கொண்டுவரவில்லை என்று பெயர் எழுத வேண்டாம். எழுதினால் அன்று முதல் எல்லாரும் 'சாப்பிட்டேன்' என்று சொல்லத் தொடங்கிவிடுவோம். அந்தப் பொய்யில் எனக்கு அனுபவம் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை காலை உணவு கேட்டு ஒரு விண்ணப்பமும் எழுதி வைத்திருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் பெரியவர்கள் கையெழுத்திட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பினால் மகிழ்வேன்.

நான் இந்த ஆண்டோடு பள்ளியை விட்டுப் போகிறேன். அது வந்தாலும் எனக்குக் கிடைக்காது. தம்பி இன்னும் இரண்டு ஆண்டில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறான். நேற்று அவனிடம், "ஆறாவது போனால் காலையில் பொங்கல் கிடையாதுடா" என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் அஞ்சாவதுல ஃபெயில் ஆயிடுறேன்க்கா" என்றான்.